ஏலக்காய் மணத்த எல்க் மான் கறி உருண்டைகள்

மதிப்புக்குரிய மாய்க்கன் அத்தைக்கு, அண்ணன் மகள் தூரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே சுண்ட்ஸ்வால் நகரத்தில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் பாதியிலேயே வைத்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

பிப்ரவரியில் அம்மா இறந்தபோது நீங்கள் வைத்த நிபந்தனையை நான் மறக்கவில்லை. டிசம்பருக்குள் இந்த வீட்டை என்னால் நடத்த முடியவில்லை என்றால் உங்களிடம் வந்து, விட்ட படிப்பை மறுபடி தொடர வேண்டும் என்றீர்கள். அத்தை, நான் தோற்றுவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். எப்படித் தோற்றேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் அதைக் கேட்கக் கூடாது.

எல்க் மான் வேட்டை முடிந்ததும் வேட்டைக் குழு முழுவதும் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் எங்கள் முறை. எங்கள் வீடு என்றால் கறி உருண்டை. அப்பாவோ, எங்கள் முறையைக் குழுவில் இருக்கும் ஆல்வார் மாமாவுக்கு மாற்றிவிடலாம் என்றார். பிப்ரவரியிலிருந்து எங்கள் சமையலறை மேசையில் வெளி ஆள் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை, அப்பா யாரையும் உள்ளே விடவில்லை. இது இப்படியே போனால் அவர் விறகுக் கொட்டகையிலேயே குடியேறிவிடுவார் என்று பயந்து, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது, எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்க் மான் கொத்துக்கறியை வெளியே எடுத்து வைத்த பிறகுதான், அதில் கொழுப்பே கிடையாது, பாதிக்குப் பாதி பன்றிக் கொத்துக்கறி சேர்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது, கடையோ பதினோரு மணிக்குத்தான் திறக்கும், திறந்தாலும் அங்கே நிற்கும் பெண் என் பள்ளியில் படித்தவள், படிப்பை ஏன் விட்டாய் என்று கேட்பாள், ஆகவே வெண்ணெய் கூடப் போட்டுச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன். ரொட்டித்தூளைப் பாலில் ஊறவைத்தேன். அலமாரியில் பெயர் எழுதாத ஒரு ஜாடியில் இருந்தது. ஊறும்போது இனிப்பு ரொட்டி வாசனை வந்தது. வீட்டில் அப்படி ஒரு வாசனை வந்து எத்தனை நாளாகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன், அத்தை, அதுதான் என் மடத்தனம். அம்மா கேக் தட்டில் தூவுவதற்காக இடித்து வைத்த ஏலக்காய் ரஸ்க் அது.

வழக்கப்படி முதலில் ஒரே ஒரு உருண்டையைப் பொரித்தேன். நானே ருசி பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதைக் கரண்டியில் வைத்துப் பனியில் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அப்பா கோடரியைக் கீழே வைக்காமல் வாயைத் திறந்தார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு, "சாப்பிடலாம்" என்றார். அதை நம்பி நூற்று நாற்பது உருண்டை பொரித்தேன்.

விருந்து ஒரு மணிக்கு. பன்னிரண்டு ஐம்பதுக்கே மூன்று கார்கள் வந்து, ஒரு நிமிடம்கூட முந்திவிடக் கூடாதென்று, வேலியோரம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தன. ஒன்று அடித்ததும் எட்டுப் பேரும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். முதல் கடி முடிந்ததும் எல்லோரும் உருளைக்கிழங்குப் பக்கம் திரும்பினார்கள். ஆல்வார் மாமாவின் மனைவி ரூன்ஹில்ட் அத்தை மட்டும், "வித்தியாசமா இருக்கே, கண்ணு" என்றார். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று சொல்வதில்லை, இப்படித்தான் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லோரும் உருளைக்கிழங்கு ரொம்ப நன்றாக வெந்திருக்கிறது என்று மாற்றி மாற்றிப் பாராட்டினார்கள். கறிக்குத் தொட்டுக்கொள்ளும் லிங்கோன் பழ ஜாம் கிண்ணத்தை மூன்று தடவை நிரப்பினேன். உருண்டையில் ஆளுக்கு மூன்றுதான் எடுத்தார்கள், அதிலும் சின்னதாகப் பார்த்து.

சாப்பாட்டுக்கு நன்றி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நான் வாசலில் தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். குழுவில் இன்னொருவரான ஹோகன் மாமா காலணிக் கயிறு கட்டியபடி, "அடுத்த வருஷம் தோட்டா வாங்க வேணாம், இதையே துப்பாக்கியில போட்டுக்கலாம்" என்றார். ஆல்வார் மாமா, "சும்மா இருய்யா. பொண்ணு பாவம்" என்றார். தோட்டாவைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அத்தை. பாவம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா விறகு வெட்டப் போய்விட்டார்.

ஆகவே வருகிறேன். எனக்குத் தனி அறை வேண்டாம், துணி தேய்க்கும் அறையில் ஒரு படுக்கை போதும். உங்களுக்கும் பூனைக்கும் நல்ல உடல்நலம் அமையட்டும். பனியில் வழுக்காமல் நடங்கள்.

பணிவன்புடன்,
தூரா

பின்குறிப்பு: தபால்தலை எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். யாருக்குக் கடிதம் என்றார். இதையே நீட்டினேன். நின்றபடி இரண்டு தடவை படித்தார். பிறகு ஆல்வார் மாமாவுக்குப் போன் போட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு எல்லோரும் மறுபடி வரவேண்டும், அதே சாப்பாடுதான் என்று சொல்லி வைத்துவிட்டார். சாப்பிடலாம் என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சாப்பிடலாம்னுதான் சொன்னேன். நல்லாருக்குன்னு சொன்னேனா?" என்றார். அப்புறம் எதற்கு மறுபடி கூப்பிட்டீர்கள் என்றேன்.

"அந்த எட்டுப் பேர்ல ஒருத்தனாவது உன் முகத்தைப் பாத்து நல்லால்லன்னு சொல்ற வரைக்கும் வாராவாரம் கூப்பிடுவேன்."

நான் வியாழக்கிழமை வரவில்லை, அத்தை. யாராவது வாய் தவறிச் சொல்லி இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.