பல்கலைக்கழகத்துக்கு முக்கால் தூரம்

அறிவு யாருக்கும் எளிதில் எட்டிவிடக் கூடாது என்ற உயர்ந்த தத்துவத்தை, சொந்தச் செலவில் நிலம் வாங்கி உலகுக்கு நிரூபித்த ஒரே நிறுவனம் எங்கள் ஸ்தாரோவிட்ஸே பல்கலைக்கழகம்தான். ஊர் நடுவே, சந்தைச் சதுக்கத்தில், கண்டவர்களும் நடந்தே வந்து படித்துவிட்டுப் போகிற அளவுக்கு மலிந்து கிடந்த கல்வியை, நகருக்கு வெளியே புஷ்டெ போலேயில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு வளாகம் கட்டி, அங்கே கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள். புஷ்டெ போலே என்றால் எங்கள் போலிஷ் மொழியில் ‘வெற்று வயல்’. பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

என் பெயர் ஸெனோன். பல்கலைக்கழக விளம்பரத் துறையில் துணை அலுவலர். எங்கள் இணையப் பக்கத்தில் ‘எங்களிடம் வருவது எப்படி? வந்தால் சுற்றிப் பார்ப்பது என்ன?’ என்ற பகுதி அடியேனின் கைவண்ணம். அதைச் சந்தைச் சதுக்கத்துப் பழைய கட்டடத்தில், என் நாற்காலியை விட்டு எழாமலேயே எழுதி முடித்தேன். வளாகத்தை நேரில் பார்த்துவிட்டால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா?

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ‘பயண அனுபவம்’ என்றொரு புது வியாதி தலைநகரிலிருந்து வந்து சேர்ந்தது. டீன் கிராட்ஸியான் உடனே கூட்டம் போட்டார்.

“ஸெனோன், இனிமே எதையும் அனுபவிச்சுத்தான் எழுதணும். நாளைக்கு நீங்க பஸ் ஏறி வளாகத்துக்குப் போயிட்டு வாங்க.”

“சார் போயிருக்கீங்களா?”

“திறப்பு விழாவுக்குப் போனேனே! கார்ல. நல்ல தூக்கம். ரொம்ப அமைதியான வழி.”

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கையில் பூங்கொத்து, மறு கையில் அட்டைப்பெட்டி என்று ஒரு பெண். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. குழுவுக்குப் பூவும் கேக்கும் கொண்டுபோகாமல் எங்கள் ஊரில் யார் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்?

பெயர் ஹல்ஷ்கா, மண்ணியல் மாணவி. “ஆய்வேட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டாங்க சார். இன்னிக்குக் கேள்வி கேட்டு முடிச்சுட்டா பட்டம். திங்கக்கிழமை குடிநீர் சோதனைக்கூடத்துல வேலையில சேரணும். பட்டம் இல்லாம வாசப்படி ஏறாதேன்னுட்டாங்க. இதை விட்டா அடுத்த தேர்வு அக்டோபர்ல. அதுவரைக்கும் அந்த நாற்காலிய எனக்காகத் தொடச்சு வெச்சிருப்பாங்களா?”

எனக்குப் பாவமாக இருந்தது. பஸ்ஸோ வருவதாக இல்லை.

இங்கே எங்கள் ‘கல்விக் கால்மணி’யைப் பற்றிப் பெருமையோடு சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கால்மணி நேரம் தாமதமாக வரலாம். அதற்கு மேலும் வராவிட்டால் மாணவர்கள் எழுந்து போகலாம், வராத பாவம் ஆசிரியரையே சேரும். இது தொன்றுதொட்ட மரபு. இந்த மரபைப் போற்றும் வகையில், வளாகத்துக்குப் போகும் பஸ்ஸுக்கும் அதே சலுகையைப் பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்திருந்தது. பஸ்ஸும் நன்றி மறக்காமல் அதை முழுசாக அனுபவித்துவிட்டு வந்தது.

“ஏண்ணே இவ்வளவு லேட்டு?” என்றாள் ஹல்ஷ்கா.

“லேட்டா?” ஓட்டுநர் மார்ட்ஸெலி புண்பட்டுப் போனார். “வேற லைன்ல லேட்டா வந்தா அது சோம்பேறித்தனம்மா. இந்த லைன்ல வந்தா பாரம்பரியம்.”

“யுனிவர்சிட்டி வாசல்ல நிக்குமா?”

“‘பல்கலைக்கழகம்’னு ஒரு ஸ்டாப் இருக்கு. அங்க நிக்கும்.”

“அங்க யுனிவர்சிட்டி இருக்கில்ல?”

“பேர் இருக்கு. முக்கால் தூரம் என் பஸ்ல. மிச்சக் கால், உங்க கால்ல.”

இறங்கினோம். ‘பல்கலைக்கழகம்’ என்ற பலகைக்குப் பின்னால் கம்பீரமாக நின்றது ஒரு சோபாக் கிடங்கு. முதலில் வளாகம் இங்கேதான் வருவதாக இருந்தது. அஸ்திவாரம் தோண்டப் போனபோதுதான் நிலம் சோபாக்காரருடையது என்று தெரிந்தது. வளாகத்தை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். நிறுத்தத்தை நகர்த்துவது தனி இலாகா. அதோ, தூரத்தில், பீட்ரூட் வயலுக்கு அந்தப் பக்கம், எங்கள் வளாகம் மினுங்கியது.

நான் கடமை தவறாமல் போனில் பதிவு செய்துகொண்டே நடந்தேன். ‘சுற்றுப்புறச் சிறப்புகள்: சோபா. பீட்ரூட். மேலும் பீட்ரூட்.’ முந்தின நாள் மழையில் வரப்பு முழுக்கச் சேறு. ஹல்ஷ்காவின் ஒரு செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. குனிந்து பிடுங்கினாள்.

“களிமண் சார். காலைத் தூக்கினா செருப்பு வராது. செருப்பைத் தூக்கினா வயலே கூட வருது. இங்க பதினாலு மாடி கட்டச் சொன்னது யாரு?”

“நிபுணர் குழு.”

“அவங்க செருப்பு போட்டுக்கிட்டு வரலியா?”

வயல் முடிந்த இடத்தில் கம்பிவேலி. வேலிக்குள், நகரவாசிகள் ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்துப் பயிர் வைக்கும் குடும்பத் தோட்டச் சங்கம். பொம்மை வீடுகள், தக்காளிப் பந்தல், கயிற்றுக் கட்டில். அதன் வழியாகப் போனால் வளாகம் நாலு எட்டு. சுற்றிப் போனால் பட்டத்தை மறந்துவிடலாம். கதவில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பனியனோடு தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் ஒனுஃப்ரி என்ற பெரியவர்.

“ஐயா, யுனிவர்சிட்டிக்குப் போகணும், கதவைத் தொறங்க.”

“எல்லாப் பயலும் அதையேதான் சொல்றான். கடைசியில என் ஸ்ட்ராபெரியைத்தான் படிச்சுட்டுப் போறான்.” அவர் பார்வை அட்டைப்பெட்டிக்கு இறங்கியது. “அதுல என்ன?”

“சீஸ் கேக். தேர்வுக் குழுவுக்கு.”

“குழுவுல எத்தனை பேரு?”

“மூணு.”

“கேக்குல எத்தனை துண்டு?”

“பன்னெண்டு.”

“அப்ப குழுவைக் கொஞ்சம் பெருசாக்கலாமே!” என்றார். ஒரு துண்டு உள்ளே போனதும் கதவு திறந்தது.

ஓடினோம். வளாகத்தில் ஈ காக்கை இல்லை. வராந்தாக்கள் பளபளவென்று, யாரும் மிதிக்காத தூய்மையோடு இருந்தன. கால்மணி முடிய இன்னும் சொற்ப நேரமே இருக்கையில் பெரிய மண்டபத்துக்குள் பாய்ந்தோம். காலி நாற்காலிகள். சுவரில் ஒரு பெரிய திரை. திரையில் டீன் கிராட்ஸியானும் இரண்டு பேராசிரியர்களும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சந்தைச் சதுக்கம்.

“அது எங்க ஹாஸ்டல்!” என்று கத்தினாள் ஹல்ஷ்கா, ஜன்னலைக் காட்டி.

டீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஹல்ஷ்கா, நீ எங்கம்மா இருக்கே?”

“வளாகத்துல சார். நோட்டீஸ்ல ‘வளாகம், பெரிய மண்டபம்’னு போட்டிருந்தீங்களே!”

“அது போட்டா பார்க்க நல்லா இருக்கும்னு போடறது. அதுக்காக நிஜமாவே கிளம்பிப் போயிடறதா? நாங்க எப்பவும் பழைய கட்டடத்துலதானே உக்கார்றோம்?”

“அப்ப திரையிலயே கேளுங்க சார். பதில் சொல்றேன்.”

“‘திரையில் தெரிவது வருகை ஆகாது.’ பசங்க போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே வகுப்புக்கு வந்தப்ப நானே போட்ட விதி. விதின்னா விதிதான். நீ வரலை. அக்டோபர்ல பாப்போம்.”

ஹல்ஷ்காவின் முகம் வெளுத்தது. சேற்றுச் செருப்போடு அந்தப் பளபளத் தரையில் இரண்டடி முன்னால் வந்தாள்.

“சார், ஒரு சந்தேகம். விதிப்படி தேர்வு எங்க நடக்குது?”

“வளாகத்துல.”

“வளாகத்துல இப்ப யார் இருக்கா?”

“நீ.”

“யார் இல்ல?”

பக்கத்துப் பேராசிரியர் டீன் காதில் ஏதோ ஓதினார். என்ன ஓதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். குழு கால்மணிக்குள் வராவிட்டால், ஆய்வேட்டுக்குப் போட்ட மதிப்பெண்ணே இறுதி மதிப்பெண். வர இயலாத உறுப்பினர்களின் நலன் கருதி டீனே கொண்டுவந்த இன்னொரு பொன்விதி அது.

“தேர்வு ஒரு மணி நேரம் தள்ளி வைக்கப்படுகிறது!” என்று டீன் திடீரென்று அச்சடித்த நோட்டீஸுக்கு ஈடான போலிஷில் அறிவித்தார். “குழு வளாகத்துக்குப் புறப்படுகிறது!”

திரை அணைந்தது. நானும் ஹல்ஷ்காவும் ஆளுக்கொரு துண்டு கேக் சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் கழிந்தது. கால்மணி ஓடத் தொடங்கியதும் என் போன் அடித்தது.

“ஸெனோன்! டாக்ஸிக்காரன் ‘பல்கலைக்கழகம்’னு ஒரு பலகைகிட்ட இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். இங்க சோபாதான்யா இருக்கு! உங்க இணையப் பக்கத்துல ‘பசுமை சூழ ஒரு இனிய நடை’ன்னு எழுதியிருக்கீங்களே, எங்கய்யா பசுமை?”

“முன்னாடி தெரியுது பாருங்க சார். பீட்ரூட்.”

“ஐயையோ, செருப்பு போச்சு! குறுக்கு வழி எதுவும் இல்லியா?”

தோட்டத்துக் கதவு என் நாக்கு நுனி வரை வந்தது. பதினோரு வருஷ விசுவாசம் அதை வெளியே தள்ளப் பார்த்தது. ஹல்ஷ்கா ஒன்பது துண்டு கேக்கோடு அட்டைப்பெட்டியை மூடி, கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இணையப் பக்கத்துல இருக்கிறபடியே வாங்க சார்,” என்றேன். “நீங்க கையெழுத்துப் போட்டு ஒப்புதல் குடுத்த பக்கம். அதுல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல.”

கால்மணி முடிந்தது. அங்கிருந்த ஒரே அலுவலர் என்ற முறையில் பதிவேட்டில் நானே எழுதினேன்: ‘குழு வரவில்லை. மாணவி தேர்ச்சி.’ ஹல்ஷ்கா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

பேராசிரியர்கள் வளாகத்துக்கு வராமலேயே பட்டம் கொடுத்துவிட்டோம் என்று பத்திரிகைகள் எங்களைக் கேலி செய்தன. அபாண்டம்! வளாகம் திறந்த நாள் முதல் எல்லாருக்கும் அப்படித்தான் கொடுத்து வருகிறோம். அன்றைக்கு ஒரு நாள்தான், தெரியாத்தனமாக, உண்மையை எழுதி வைத்துவிட்டோம்.