இருமிய கிணறு

இந்தியாவின் மேற்கு எல்லையை ஒரே ஒரு தேங்காயால் காப்பாற்றிய மனிதர் கோவைப் போத்தனூரில் எனக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தார். நம்ப முடியவில்லை அல்லவா? எங்கள் தெருவும் நம்பவில்லை. ஆனால் நம்பாதவர்கள்கூட அந்தக் கதையைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். அத்தனை தடவை கேட்டாயிற்று.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. சுரங்கத்தார் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மில் ஆபீஸ் வேலைக்கு வந்த நான், அந்த வீட்டு மாடியறைக்குக் குடிபோனேன். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவர் மேலே வந்துவிட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. குதிகாலால் தரையை அங்கங்கே ஓங்கி மிதித்துக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன சார் பாக்குறீங்க?"

"அடியில பொந்து கிந்து இருக்குதான்னு பாத்தனுங்க கண்ணு. சத்தம் ஒரு மாதிரியாத்தான் இருக்குது."

"சார், இது மாடி. அடியில உங்க வீடு இருக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாஞ் சொன்னது சரிதானுங்களே!" என்று திருப்தியாகக் கீழே இறங்கிப் போனார்.

எங்கே போனாலும் இதே மிதிதான். மகள் கோகிலாவுக்குச் சேலை எடுக்க ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் போனவர், சேலையைப் பார்க்காமல் தரையை மிதித்து, "ஏனுங்க, உங்க கடைக்கு அடியில சொரங்கம் இருக்குதுங்க" என்று கல்லாக்காரரிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். "ஆமாங்க, குடோனுங்க. படி அந்தப் பக்கம் இருக்குது" என்றாராம் அவர். சுரங்கத்தாருக்கு அன்று பிடிபடாத சந்தோஷம். சேலை எடுக்க மறந்து வந்துவிட்டார்.

அவர் போர்வெல் லாரியில் டிரில்லராக இருந்தவர். கொங்கு நாட்டுப் போர்வெல் லாரி போகாத மாநிலம் கிடையாது. பாறையைத் துளைத்துக்கொண்டே போகும்போது, முனையில் இருக்கும் பிட் திடீரென்று பொத்தென்று கீழே இறங்கினால், பாறைக்குள் இடுக்கு இருக்கிறது, அதில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கேப்பு என்று பெயர். கேப்பு விழுந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தேங்காய் உடைப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு, மற்றதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"ராஜஸ்தானுங்க. வேலிக்கு அக்கட்ட பாகிஸ்தான். இக்கட்ட ஒரு தலப்பாக்காரரு வெள்ளாமக் காடு. பட்டாளத்துக்காரங்ககிட்டச் சொல்லிப்போட்டுப் போரு ஓட்டறமுங்க. ஓட்டறம், ஓட்டறம், வெறும் புழுதி. திடீர்னு பொத்துனு பிட்டு உள்ள போயிருச்சு. மேல வந்துட்டிருந்த புழுதியும் நின்னுபோச்சு. அட சாமி, கேப்பு! தண்ணி தண்ணின்னு கத்திப்போட்டனுங்க. தலப்பாக்காரரு ஒரே ஆட்டம். மெசினை நிறுத்திச் சூடம் பத்த வெச்சு, தேங்கா ஒடச்சு, அந்தத் தண்ணியக் குழியில ஊத்திப்போட்டு, காது வெச்சுக் கேக்கறேன். உள்ள இருந்து..."

இந்த இடத்தில் நிறுத்துவார். எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு அடிவயிற்றிலிருந்து, "லொக்கு, லொக்கு, லொக்கு!" என்று இருமுவார்.

"கெணறு எங்கியாச்சும் இருமுங்களா? நாம ஓட்டுனது கள்ளக்கடத்தல்காரன் தோண்டுன சொரங்கத்து உச்சந்தலைல! எங்க புழுதி அத்தனையும் உள்ள போயி, தூரத்துல ஒரு ஒட்டகக் கொட்டாய்க்குள்ளார பொகையாக் கெளம்புது. ஒட்டகம் கவுத்த அத்துக்கிட்டு ஓடுது. அது பொறத்தாண்ட கடத்தல்காரனுக, இட்லி மாவுல முக்கி எடுத்தாப்புல வாரானுக. பட்டாளம் அப்புடியே அமுக்கிருச்சுங்க. உள்ள பூராம் வெள்ளிக் கட்டி!"

பிட் பொத்தென்று இறங்கிய இடத்தில் என் ஊர்க்காரனாக இருந்தால் பயந்து ஓடியிருப்பான். தேசத்தின் எல்லையில், எதிரி நாட்டிலிருந்து வந்த சுரங்கத்துக்குச் சூடம் காட்ட ஒரு கொங்குக்காரரால்தான் முடியும்.

தொல்லை என்னவென்றால், கதை ஒரே அளவில் நிற்காது. சலூனில் சொன்னால் ஒரு ஒட்டகம். ரேஷன் கடையில் வரிசையின் நீளத்தைப் பொறுத்து ஒட்டகங்கள் கூடும். மாரியம்மன் நோன்புக் கூட்டத்தில் சொன்னபோது ஒட்டக மந்தையே ஓடியது. சுரங்கமும் அப்படித்தான் நீண்டுகொண்டே போனது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கேரள எல்லை வாளையாறு வரைக்கும் வந்திருக்கும்.

இப்படி இருக்கும்போது கோகிலாவுக்கு ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை செந்தில், மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தான். பெண் பார்த்த அன்றே இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கோகிலா காபி கொடுக்க வந்து, டம்ளரைக் கொடுத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

கொங்குப் பக்கத்தில் பெண் பார்த்தால் மட்டும் போதாது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து தெருவில் விசாரிப்பார்கள். செந்திலுடைய பெரியப்பா, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், முனை டீக்கடையில் வந்து உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் நல்ல மனிதர். சுரங்கத்தார் மேல் உயிர். நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறேன் பேர்வழி என்று, "தங்கமான மனுசனுங்க. பாகிஸ்தான்காரனையே தேங்காத்தண்ணி ஊத்தி வெரட்டுனவரு" என்று ஆரம்பித்து, ஒட்டக மந்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

பெரியப்பா டீயை முழுசாகக் குடிக்கவில்லை. மறுநாள் சேதி வந்தது. "புளுகற ஊட்டோட எப்புடிங்க சம்மந்தம் வெச்சுக்கறது? ஆடி கழியட்டும். ஆவணில உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ண வாரோம். அன்னைக்கு நாலு பேரு முன்னால, நாஞ் சொன்னதெல்லாம் பொய்யின்னு அவரு ஒரு வார்த்த சொல்லோணும். இல்லீன்னா பேச்ச இதோட உட்ருவோம்."

கீழ்வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

"பொய்யின்னு சொல்லிப்போட்டா உங்க நாக்கு தேஞ்சா போயிரும்?" என்று அவர் மனைவி பழனியம்மாள் அழுதார்.

"நடந்தத நடக்கலீன்னு எப்புடி அம்மணி சொல்றது?"

கோகிலா கதவோரம் நின்றபடி, "நீங்க சொல்ல வேண்டாமுங்கப்பா. வேற எடம் பாத்துக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்த பிறகு அவரால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

"சரி, சொல்லிப்போடறேன்" என்றார்.

அந்த ஆடி மாதம் போல ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை. ரேஷன் வரிசையில் வாயே திறக்காமல் நின்று சர்க்கரை வாங்கி வந்தார். தரையை மிதிப்பதையும் விட்டுவிட்டார். டீக்கடைக்காரர் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ, கேலி செய்வதற்காவது அந்த மனிதர் இருமித் தொலைக்க மாட்டாரா என்று இருந்தது.

ஆவணியில் வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்தோம். செந்தில் மட்டும் கம்பெனியிலிருந்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தான். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லிப்போடுங்க. நல்ல நேரம் போகுது."

சுரங்கத்தார் புது வேட்டியோடு எழுந்து நின்று கும்பிட்டார். "நானு இத்தன நாளாச் சொல்லிட்டிருந்தது..." என்றார். பேச்சு நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார். "நானு சொன்னதெல்லாம்..."

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. செந்தில் உள்ளே ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் நிலைப்படியில் தலைப்பாகை இடிக்காமல் குனிந்து ஒரு நெடிய மனிதர் நுழைந்தார். காதுவரைக்கும் மீசை. கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

"தம்பீ!" என்று ஒரு கத்துக் கத்தி, சுரங்கத்தாரை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

"பெரீப்பா, கோவிச்சுக்காதீங்க" என்றான் செந்தில். "ராஜஸ்தான்ல இருந்து மோட்டார் வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம், கெணறு இருமுன ஊரு தெரியுங்களான்னு கேட்டனுங்க. பாதிப் பேரு என்னயப் பைத்தியம்னுட்டாங்க. ஒருத்தரு மட்டும், அட, அது எங்க பக்கத்து ஊருன்னாரு. அவருகிட்டச் சொல்லியனுப்பி அந்தக் காட்டுக்காரரக் கூட்டியாந்தனுங்க."

தலைப்பாகைப் பெரியவருக்கு மொழிபெயர்ப்பெல்லாம் தேவைப்படவில்லை. நடுக்கூடத்தில் நின்று கையால் தரையைத் துளைத்தார். கை பொத்தென்று இறங்கியது. ஒரு ஆட்டம் போட்டார். சூடம் காட்டினார், தேங்காய் உடைத்தார். மண்டி போட்டுத் தரையில் காதை வைத்தார். நிமிர்ந்தார். எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"லொக்கு, லொக்கு, லொக்கு!"

கூடம் அதிர்ந்தது. டீக்கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியிலிருந்து விசிலடித்தார். பெரியப்பா மட்டும் விடவில்லை. "எத்தன ஒட்டகம்னு கேளு" என்றார். பெரியவர் ஒரு விரலைக் காட்டினார். எல்லோரும் சுரங்கத்தாரைப் பார்த்தோம். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் அதோடு முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி இந்தியில் ஏதோ சொன்னார். செந்தில் தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னான். "சொரங்கத்துக்குள்ள ஒருத்தன் புழுதில மூச்சடச்சு உழுந்து கெடந்தானாமுங்க. உள்ள போக ஆரும் துணியலியாம். மாமா ஈரத்துண்ட மூஞ்சீல கட்டிக்கிட்டு நவுந்தே உள்ள போயி அவன இழுத்துட்டு வந்தாராம். அவனுக்கு மூச்சு திரும்பறவரைக்கும் மடில போட்டுக்கிட்டு அழுதாராம்."

பழனியம்மாள்தான் முதலில் கேட்டார். "இத எங்கிட்டக்கூடச் சொல்லலியே நீங்க?"

சுரங்கத்தார் கூச்சத்தோடு துண்டை முறுக்கினார். "அந்த எடம் வந்தா எனக்குத் தொண்ட அடச்சுக்குது அம்மணி. அப்பறம் எப்புடி இருமிக் காட்டறது? கதை கெட்டுப்போயிருமல்லோ!"

பெரியப்பா எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "பொறுத்துக்கோணுங்க சம்மந்தி" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து கோகிலா சிரிக்கிற சத்தம் கேட்டது. உப்புச் சர்க்கரை மாற்றியபோது இரண்டு வீட்டாருக்கும் நடுவில் அந்தத் தலைப்பாகைக்காரர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முனைக் கடையில் அன்று யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை.

ஐப்பசியில் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்கள வாங்கன்னு சொல்லுங்க கண்ணு" என்று என்னை நிறுத்திவிட்டுப் போனார் சுரங்கத்தார். சந்தனம் எடுத்த ஒரு பெரியம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, நீங்க இந்தப் பக்கம் இல்லீங்களே, பொண்ணு ஊட்டுக்கு என்ன ஆகோணும்?" என்று கேட்டார்.

"நான் சொரங்கத்தாரு ஊட்டுப் பையனுங்க" என்றேன்.