மாமனாரின் தடிமன்

உடம்பில் வேறெங்கே வீங்கினாலும் மனிதன் ஊருக்கெல்லாம் காட்டுவான். கன்னம் வீங்கினால் தெருவில் போகிறவர்கூட நின்று வைத்தியம் சொல்வார். கவட்டில் வீங்கினால் மட்டும் வாய் திறக்க மாட்டான். எனக்கு வீங்கியது அங்கேதான். அதுவும் நிக்காஹ் நெருங்கிய நேரத்தில்.

ஐம்பதுகளில் எங்கள் கல்முனைப் பக்கம் மாப்பிள்ளை உடுப்பு பெண் வீட்டிலிருந்து வரும். எனக்கு ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தும் வந்தது. பாதிக் கால்தான் உள்ளே போனது. பெண் வீட்டார் தந்ததைக் குறை சொல்லலாமா? (சொல்லியிருக்கலாம். அந்த வயதில் யாருக்குப் புத்தி இருந்தது?) கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டு நடந்து பழகினேன். குதிகால் உரிந்து சீழ் பிடித்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு கவட்டில் எலுமிச்சங்காய் அளவில் ஒன்று எழும்பியது.

என் மருத்துவ அறிவு முழுவதும் சந்தையில் பொறுக்கியது. குடலிறக்கமாக இருக்கலாம், அறுப்பார்கள். யானைக்காலின் தொடக்கமாக இருக்கலாம். கெட்ட இடத்துக்குப் போகிறவனுக்கு வரும் வியாதியாகவும் இருக்கலாம். நான் போனதில்லை. ஆனால் கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றவன் சொன்னால் யார் நம்புவார்கள்? கலியாணம் நின்றுவிடும் என்று நடுங்கினேன்.

தெரிந்த முகம் இருக்காதென்று அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். அங்கே நோய் பார்த்து மருந்தும் கொடுக்கும் ஓர் அப்போதிக்கரியின் மருந்துக்கடை. கம்பவுண்டரின் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் என் வருங்கால மாமனார்!

"என்ன மருமகன், இஞ்சால?"

"தடிமன் மாமா. நீங்க?"

"எனக்கும் தடிமன்தான்."

இரண்டு பேரும் சளிப் பிடித்தவர்கள்போல மரியாதைக்கு இருமிக்கொண்டோம். அப்போது அப்போதிக்கரி தலையை நீட்டினார். "கவட்டுல வீக்கமெண்டு வந்த ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்க!"

முதலில் என்னை அழுத்திப் பார்த்தார். "காலக் காட்டும்" என்றார். காட்டினேன். "கால்ல புண்ண வெச்சிக்கிட்டு கவட்டப் புடிச்சிக்கிட்டு வாறீர். இது நெறி, கால் புண்ணால கட்டின கட்டி. புண் ஆறினா வத்திப் போகும். எதால உரிஞ்ச?"

"புதுச் சப்பாத்து ஐயா."

"அளவு பாக்காம எந்த மடையன் வாங்கின?"

மாமா கூரையைப் பார்த்தார்.

அவருடையது நெல் மூட்டை தூக்கி வந்த குடலிறக்கம். மட்டக்களப்பில் ஒப்பரேஷன் செய்யச் சொன்னார் அப்போதிக்கரி.

திரும்பும் பஸ்ஸில் மாமா மெதுவாகக் கதைத்தார். "மருமகன், என்ட விசயத்த ஊட்ட கதைச்சிராதீங்க."

"சேச்சே, நான் ஏன் மாமா கதைக்கிற!"

நான் கதைக்கவில்லை. அவர் கதைத்தார். எங்கே போனீர்கள் என்று மாமி கேட்டதற்கு, "மருமகனுக்குக் கவட்டுல வீக்கம். பாவம், தனியப் போக வெக்கப்பட்டாரு. நான்தான் கூட்டிப் போய்க் காட்டின" என்றாராம். அன்று மஃரிபுத் தொழுகைக்கு முன் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கலியாணம் நிற்கவில்லை. சப்பாத்தை விட்டுவிட்டு மிதியடியோடு போய் நிக்காஹ் முடித்தேன். திரைக்குப் பின்னாலிருந்த பெண்கள் என் தலைப்பாகையைப் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தார்கள்.

பிறகு மட்டக்களப்பில் மாமாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. துணைக்கு நின்றவன் நான். ஊருக்கு மாமா சொன்ன கதை வேறு: மருமகனுக்குத் திரும்பவும் வீங்கிவிட்டது, மாமனார் பக்கத்தில் நின்று பார்க்கிறார். தங்கமான மாமனார் என்று ஊரே மெச்சியது.

மாமா மவுத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. போன பெருநாளன்று பேரப்பிள்ளைகள் என் வீக்கத்தைச் சொல்லிச் சிரித்தபோது பொறுக்க முடியாமல் உண்மையை உடைத்தேன். என் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"மவுத்தான மனிசன்ட மேல பழி போடாதீங்க. எங்க, அந்தக் காலக் காட்டுங்க பாப்பம், சப்பாத்துத் தழும்பு இன்னும் கிடக்குதானே!"