சிரிப்பாணியின் பூதங்கள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, என் மைத்துனரின் புது லாரிக்குப் பூசை போடும்போதுதான் எல்லாம் கெடத் தொடங்கியது. நாமக்கல் வட்டாரத்தில் பூதத்தையே வெட்கப்பட வைத்த ஒரே ஆள் என் மகன் சிரிப்பாணிதான். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெற்றவன் நான் வேறு பெயர் வைத்திருந்தேன். அது ரேஷன் கார்டோடு சரி.

கண் படாமலிருக்க லாரியின் பின்னால் பூத முகம் வரைவது அவன் வேலை. கோரைப்பல், தொங்கும் நாக்கு, உருட்டு விழி எதிலும் குறை வைக்க மாட்டான். ஆனால் முடிக்கும்போது பூதம் சிரித்துவிடும்.

அன்றைக்குப் பூசையில், பூத முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். மைத்துனர் கையிலிருந்த சூடம் கீழே விழுந்தது.

"ஏனுங்க மச்சான், ஊர்க்கண்ணு படாம இருக்கப் பூதம் கேட்டா, உங்க பையன் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைய வரஞ்சு வெச்சிருக்கறான்!"

"நானும் மொறப்பாத்தானுங்க மாமா ஆரம்பிக்கறேன். கைதான் கடைசியில சிரிச்சுப்போடுது" என்றான் சிரிப்பாணி.

அழித்து அழித்து வரைந்தான். முதலில் புன்னகைத்த பூதம் பிறகு வாய்விட்டே சிரித்தது. கடைசியில் மைத்துனர் செல்போனில் காட்டிய பூதத்தை அச்சாக இறக்கிக் கொடுத்தான். பார்த்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அப்பேர்ப்பட்ட வெற்றி! வந்திருந்த லாரிக்காரர்கள் எல்லோரும் அதே பூதம் கேட்டார்கள்.

அவன் மட்டும் அதன் எதிரே நெடுநேரம் நின்றான்.

"நல்லாத்தானுங்கப்பா இருக்குது. ஆனா இத வரஞ்சது நானில்லீங்க."

பிரஷ்களைச் சுருட்டிக்கொண்டு, வடக்கே போகிற ஏதோ ஒரு லாரியில் ஏறிவிட்டான். போன் போட்டால் எடுக்கவில்லை.

அதன்பின் நெடுஞ்சாலை லாரிகள் நிற்கிற புதுச்சத்திரம் டீக்கடைதான் எனக்கு அலுவலகம். நிற்கிற ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பேன். ஒரு டிரைவர் பதறி இறங்கி வந்தார்.

"ஆர்டிஓவுங்களா?"

"இல்லீங்க. அப்பா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாப் பூதமும் என்னை முறைத்தன. ஒன்றாவது சிரித்துத் தொலைக்காதா என்று ஏங்கினேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் கேட் திறக்கிற சத்தம். பாதியாய் மெலிந்து, நகக்கண்ணெல்லாம் சிவப்புப் பெயிண்ட்டோடு சிரிப்பாணி. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"எங்கெங்கியோ போயி வரஞ்சு பாத்துட்டனுங்கப்பா. எனக்குச் சிரிக்கற பூதந்தான் வருது. நான் வரலாமுங்களா?"