தவளைக் கங்காணி

இனிமேல் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு புல்லைக்கூடப் பிடுங்குவதில்லை என்று ஆர்தர் முடிவெடுத்துவிட்டார்.

இதற்கு முன்னும் அவர் பிடுங்கியதில்லை. ஆனால் சோம்பலால் பிடுங்காமல் இருப்பது வேறு, கொள்கையால் பிடுங்காமல் இருப்பது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை வரை அவர் சோம்பேறி. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கொள்கைக்காரர்.

மலை ஊரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் அவருக்கு இலை உலர்த்தும் வேலை. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் தூக்கம். ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்ற வசனம் மட்டும் அவருக்கு முழுசாக மனப்பாடம்.

அவர் மனைவி எவலினுக்கும் ஆறு நாள் வேலைதான். கோலா தெர்லாவில் காய்கறி கட்டும் கொட்டகையில் நின்றபடி முட்டைக்கோசு கட்ட வேண்டும். ஏழாம் நாள் அவளுக்குத் துணி துவைக்கும் நாள். அந்த மலையில் வெயில் வருவதே விருந்தாளி மாதிரி. வருகிற வெயில் விழுகிற ஒரே இடம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லை. அங்கேதான் ஆர்தர் மூன்று வருஷமாகச் சேர்த்த பலகைகளும் மூங்கில்களும் மட்கிக்கிடந்தன. இடுப்பளவு புல் வேறு. வாய்க்கால் அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் எவலின் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டாள். கோயிலுக்குப் போனாலும் ஆர்தரின் சட்டை நெத்திலி வாசம் அடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் புல் வெட்டும் கத்தியைக் கையில் கொடுக்க வந்தபோது, தப்பிக்க வழி தெரியாமல், "பார்க்குக்குப் பேர் குடுத்துட்டேன்" என்று ஓடினார். ஆற்றோரம் இருக்கிற சின்னப் பூங்காவில் ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பறவைக்கும் பூச்சிக்கும் தவளைக்கும் இடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி வனஸ்ஸா. பக்கத்து லயத்தில் வளர்ந்து, கோலாலம்பூரில் உயிரினங்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பெண். ஆர்தர் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் அவள் பேசினாள்.

"செத்த மரத்த எடுக்காதீங்க. காஞ்ச இலையக் கூட்டாதீங்க. புல்ல ஒட்ட வெட்டாதீங்க. அப்படியே விட்டா பூச்சி வரும், பூச்சியத் தேடித் தவளை வரும்."

ஐம்பது வருஷமாக எத்தனையோ பிரசங்கம் கேட்டவர் ஆர்தர். இப்படி ஒன்று நேராக நெஞ்சுக்குள் இறங்கியது இதுதான் முதல் தடவை. இதைச் செய்யப் பூங்கா வரைக்கும் ஏன் நடக்க வேண்டும்? வீட்டிலேயே படுத்துக்கொண்டு செய்யலாமே.

இந்த ஞாயிறு காலை எவலின் கட்டிலருகே வந்து நின்றாள்.

"என்னங்க, கத்தி வாசப்படியில இருக்கு."

"வெட்டக்கூடாது எவலின்."

"ஏன், புல்லு அழுவுமா?"

"அது புல்லு இல்ல. வாழிடம்."

"யாரு வாழுறா?"

"பூச்சி வாழுது. தவளை வாழுது."

"நானுந்தான் இந்த வீட்டுல இருக்கேன். எனக்கு எங்க வாழிடம்?"

ஆர்தர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"வாய்க்காலாவது தோண்டி விடுங்க. கொசு கடிக்குது."

"கொசுவத் தவளை தின்னுடும்."

"எப்ப தின்னும்?"

"அதெல்லாம் இயற்கை. நாம அவசரப்படுத்தக்கூடாது லா."

"சரி, அந்த மட்கின பலகை?"

"அதுக்குள்ள வண்டு குடும்பம் நடத்துது."

"வண்டாவது நடத்துதே" என்றாள் எவலின்.

வழக்கமாக அவள் இதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசுவாள். அன்று பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமான மனுஷன் அந்த அமைதியைக் கண்டு நடுங்கியிருக்க வேண்டும். ஆர்தர் குறட்டை விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கண் விழித்தால், கொல்லை முழுக்க மஞ்சள் சட்டை. வாய்க்கால் ஓரம் மண்டியிட்டு வனஸ்ஸா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எவலின்.

"அங்கிள், இத எப்படிங்க உருவாக்குனீங்க?"

"ஒண்ணும் செய்யல" என்றார் ஆர்தர். அது சத்தியமான வார்த்தை.

"அதுதான் அங்கிள் கஷ்டம். மத்தவங்களால சும்மா இருக்க முடியல."

ஆர்தருக்கு நெஞ்சு விரிந்தது. செய்யாத வேலைக்குத் திட்டு வாங்கியே பழகியவர். பாராட்டு வாங்குவது இப்போதுதான்.

"பார்க்குல ஒரு மட்கின கட்டை கிடையாது அங்கிள். முன்னாடி இருந்தவங்க எல்லாத்தையும் கூட்டி எரிச்சிட்டாங்க. நீங்க இத முழுசா பார்க்குக்குக் குடுக்கப் போறீங்கன்னு ஆன்ட்டி சொன்னதும் எங்களுக்கு நம்பவே முடியல."

ஆர்தருக்கும் நம்ப முடியவில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் எவலின் முந்திக்கொண்டாள்.

"குடுக்கிறது பெரிசில்லம்மா. இந்தத் தவளைங்களோட குணம் இவருக்குத்தான் தெரியும். அங்கயும் இவரையே கங்காணியாப் போட்டுடுங்க."



எவலினின் அப்பா அந்தக் காலத்துக் கங்காணி. விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுப்பார். அவர் பேர் கூப்பிட, ஆட்கள் கை தூக்குவார்கள். இதை எவலின் கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. ஆர்தர் வாழ்க்கை முழுக்கக் கூப்பிடப்பட்ட பேர்தானே ஒழிய, கூப்பிட்ட ஆள் இல்லை.

"கங்காணியாவா?" என்றார். குரல் குழைந்துவிட்டது.

"ஆமா அங்கிள். தவளைக் கங்காணி" என்றாள் வனஸ்ஸா. பதினைந்து பேரும் கை தட்டினார்கள்.

அவ்வளவுதான். பலகை போனது, மூங்கில் போனது, புல் வேரோடு போனது. வாய்க்கால் சேறு வாளி வாளியாக, தவளைக் குஞ்சுகளோடு போனது. வண்டுக் குடும்பத்தைப் பிறர் கையில் கொடுக்கக் கங்காணிக்கு மனம் வரவில்லை. கனமான கட்டைகளை எல்லாம் தானே சுமந்தார். மத்தியானத்துக்குள் கொல்லை மொட்டை போட்ட தலை மாதிரி ஆனது. எவலின் இரண்டு கொடி கட்டி, மூன்று வருஷத்துப் போர்வைகளையும் உலர்த்திவிட்டாள்.

சாயங்காலம்தான் வேலை என்னவென்று வனஸ்ஸா சொன்னாள். ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்குப் பூங்காக் குளத்தருகே நின்று, எத்தனை தவளை கத்துகிறது என்று கேட்டு எழுதித் தர வேண்டும்.

"அஞ்சு மணிக்கா?"

"கங்காணின்னா பெரட்டு எடுக்கணும்ல" என்றாள் எவலின். "எங்கப்பா ஒரு நாளும் பிந்துனதில்ல."

முதல் ஞாயிறு ஆர்தர் இரண்டு சட்டை, கம்பளித் தொப்பி, கையில் டார்ச்சுடன் பனிமூட்டத்தில் போய் நின்றார். நான்கு குரல் கேட்டது. அதில் ஒன்று அவருடைய பல் அடித்துக்கொண்ட சத்தமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் ஞாயிறு மழை. எழுந்து உட்கார்ந்து முனகினார். பக்கத்துப் போர்வைக்குள்ளிருந்து எவலின் பேசினாள்.

"பேசாம படுங்க."

அவருக்குக் காது சரியாக இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. "அப்ப கணக்கு?"

"யாரு வந்து பாக்கப்போறா? எழுதிக் குடுங்க."

"எத்தன எழுத?"

"போன வாரம் நாலு. கங்காணி மரியாதைக்கு ஒரு ஒம்பதாவது வேணாமா?"

ஒன்பது எழுதினார். மூன்றாம் ஞாயிறு, "தவளைக்கும் புள்ளைகுட்டி பெருகாதா?" என்று அவள் கேட்டாள். பதினைந்து எழுதினார். நான்காம் ஞாயிறு அவளைக் கேட்கவே இல்லை. தாராளமாக இருபத்திரண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். இத்தனை வருஷம் கழித்து இவள் நம் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கினார். நல்ல தூக்கம். அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் தூங்கியிருப்பார்.

அன்று மாலையே வனஸ்ஸா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடி போட்ட, பெரிய பை மாட்டிய ஆட்கள். தவளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களாம்.

"அங்கிள், ஒரே மாசத்துல நாலு தவளை இருபத்திரெண்டு ஆயிருச்சு. இவங்க எங்கயுமே இப்படிப் பாத்ததில்லையாம்."

இரண்டு பேரும் ஆர்தரின் காதுகளை மரியாதையோடு பார்த்தார்கள்.

"அதனால ஒரு வருஷத்துக்குத் தினமும் கணக்கு எடுக்கப் போறோம். அங்கிள் காதுக்குத்தான் எல்லாக் குரலும் பிரிஞ்சு கேக்கும்னு ஆன்ட்டி சொன்னாங்க. நாலே முக்காலுக்கு வாசல்ல ஹாரன் அடிப்போம். கூடவே வந்துடுங்க."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமையும் சேத்து."

"எனக்கு ஏழு மணிக்கு வேல இருக்கே."

"ஆறரைக்கெல்லாம் கொண்டாந்து விட்டுடுவோம் அங்கிள்."

உண்மை ஆர்தரின் தொண்டை வரை வந்தது. அது வெளியே வந்தால் கங்காணி போய்விடுவார், பொய்க்காரன் வந்துவிடுவான். விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

வந்தவர்கள் போனதும் அடுப்படிக்கு வந்தார். எவலின் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ தெரிஞ்சேதான் எழுதச் சொன்னியா?"

எவலின் தலை நிமிரவில்லை. "எப்படியும் நாலரைக்கு எழும்பப் போறீங்க. அடுப்பப் பத்த வச்சு, தேத்தண்ணியப் பிளாஸ்குல ஊத்தி வச்சிட்டுப் போங்க. நான் ஆறரைக்குத்தான் எழும்புவேன்."