கரடி என்று தட்டினேன்

சோம்பேறிக்குப் புத்தி அதிகம் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பாக்டரி ஆபீஸில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஃபோல்டருக்குப் போவதென்றாலும் கறுப்புத் திரையில் (டெர்மினல் என்பார்கள்) முழு வழியையும் தட்டவேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. குளிரில் விரல் விறைத்துவிடும். ஆகவே ஷார்ட்கட் வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரே சொல்லைத் தட்டினால் நேரே அங்கே போய்விடலாம். சொல்லை நாமே தேர்ந்தெடுக்கலாம். (சனி அங்கேதான் பிடித்தது.)

மேனேஜர் சுந்தரம் சாரின் ஃபோல்டருக்கு நான் வைத்த சொல், கரடி.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து இருவர் தேயிலை வாங்க வந்தார்கள். பெரிய ஆர்டர். “போன சீசன் ரிப்போர்ட்டை டிவில போடும்மா” என்றார் சார். என் திரை அப்படியே சுவர் டிவியில் தெரியும் என்பதை மறந்து, பதற்றத்தில் விரல் பழக்கப்படி தட்டிவிட்டது. பக்கத்தில் கணக்குப் பார்க்கும் மல்லிகா அக்கா. எதைக் கண்டாலும் ஊருக்கே கேட்க வாய்விட்டு வாசிப்பவர்.

“க... ர... டி... கரடி!”

எங்கள் பக்கம் அது விளையாட்டுச் சொல் இல்லை. கொஞ்ச நாள் முன்புதான் நிஜக் கரடி ஒன்று கேன்டீன் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருந்தது. வெளியே வாட்ச்மேன் விசில் ஊதினார். யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். வந்தவர்களில் ஒருவர் மேசைமேல். இன்னொருவர் அவர் முதுகின்மேல். சார் மட்டும் குடையை நீட்டியபடி வாசலை மறித்து நின்றார். “யாரும் வெளிய போயிராதீங்க!”

சத்தம் அடங்கியதும் மேசைமேல் இருந்தவர் கேட்டார். “ஏனுங்க, கரடி எங்கீங்க?”

மல்லிகா அக்கா டிவியைக் காட்டினார். ‘கரடி’க்குக் கீழே திரை பளிச்சென்று சொன்னது: மேனேஜர், சுந்தரம், ரிப்போர்ட்.

எல்லாக் கண்களும் சாரிடம் திரும்பின. கறுப்பு ஸ்வெட்டர். கறுப்பு மங்கி கேப்.

“ஏம்மா... நானா?”

“இல்லீங் சார்... பலசாலிங்கற அர்த்தத்துலீங்க...”

மேசைமேல் இருந்தவர் சிரித்த சிரிப்பில் மேசைக்கால் ஒன்று கழன்றது. சாரும் சிரித்துவிட்டார். மல்லிகா அக்காவும் சிரித்தார், “ஏனம்மிணி, என்ற ஃபோல்டரு என்ன பேருல இருக்குது?” என்று அவரே என்னைக் கேட்கும்வரை. (அவருக்கு நான் வைத்திருந்த சொல், பாக்டரிச் சங்கு. அப்புறம் அவர் என்னிடம் பேச வெகுநாள் ஆயிற்று.)

ஆர்டர் கிடைத்தது, என் வேலையும் பிழைத்தது. என் கல்யாணத்துக்குச் சார் தந்த மிக்ஸியின் பெட்டிமேல் ‘அன்புடன், கரடி’ என்று எழுதியிருந்தது. புகுந்த வீட்டில் அதற்கு விளக்கம் சொல்லித் தொலைத்தேன். இன்றும் நான் லேப்டாப்பைத் திறந்தால் மாமியார் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

“எனக்கு என்ன கண்ணு பேரு வெச்சிருக்கறே?”

“உங்களுக்கு வெக்கவே இல்லீங்கத்தை.”

அவர் நம்புவதில்லை. புத்திசாலி.