லாரிக்கும் கிடைத்த பாராட்டு

இவ்வுலகில் பாராட்டுக்குத் தகுதியற்ற பொருள் ஒன்றுகூட இல்லை என்று நம்பியவர், நான் அறிந்தவரை, ஒருவர்தாம். அரியலூரில் எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவைக் கவனித்துவந்த அவரை எல்லோரும் 'ஏ-ஒன்' என்றே அழைத்தனர். வாயைத் திறந்தால் அச்சொல்தான் வரும். நல்ல தமிழ்ப் பெயரொன்றை நான் முன்மொழிந்தேன், எடுபடவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு, விகுதியையாவது தமிழாக்கி 'ஏ-ஒன்னார்' என்று எழுதுகிறேன்.

பெரம்பலூர்ப் பேருந்துக்காக நாங்கள் காத்திருந்த ஒரு மாலை, சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்கள் இருவரையும் தலைமுதல் கால்வரை வெள்ளையடித்துவிட்டுப் போயிற்று. இலக்கணப் பிழையின்றி வைவதற்கு நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ கண்ணைக் கசக்கியபடி, "தார்ப்பாய்க் கயித்துல முடிச்சு என்னமா போட்டிருக்கான் பாருங்க சார், ஏ ஒன்!" என்றார்.

கோப்பொன்றைத் தொலைத்ததற்காக அதிகாரி அவரை நிற்கவைத்து வறுத்தெடுத்த நாளும் உண்டு. முடிவில் ஏ-ஒன்னார், "இம்புட்டு நேரம் திட்டியும் சொன்னதையே திருப்பிச் சொல்லலீங்களே சார்! ஏ ஒன்!" என்றார். அதிகாரிக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோயிற்று. தேநீர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

மதிய உணவு வேளையில் எல்லோருடைய டப்பாவிலும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைப்பது அவர் வழக்கம். சுவைத்தபின், "ஏ ஒன்னுங்க. வூட்டுல நான் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்பார். நான் தவறாமல் சொல்லிவந்தேன். சொந்தமாகப் பாராட்டும் சிரமம் எனக்கு மிச்சம். உப்பு மிகுந்தால் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பதும், சரியாக இருந்தால் ஓர் ஏப்பத்தோடு முடித்துக்கொள்வதும் எங்கள் ஆண்குலத்தின் மரபு. ஏப்பத்துக்குப் பொருள் காணும் பொறுப்பு மனைவியருடையது.

முகவிலாசத்தை முன்னிட்டு நாங்கள் 'கடுக்காய்' என்று பெயரிட்டிருந்த கண்காணிப்பாளரோ, அந்தச் சேதியைக்கூட வீடுவரை கொண்டுசென்றதில்லை. பாராட்டினால் மனைவிக்குத் தலைக்கனம் ஏறிவிடுமாம்.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் என் மனைவியும் கடுக்காயின் மனைவி செல்வியும் சந்தித்துக்கொண்டபோது குட்டு உடையத் தொடங்கியது. ஏ-ஒன்னாரின் அன்றாடப் பாராட்டுகளையும் லாரிக் கதையையும் என் மனைவி பெருமையோடு அளந்திருக்கிறாள். வீடு திரும்பிய செல்வி கணவரைக் கேட்டாள்: "எங் கொழம்ப அந்த அண்ணன் என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் கடுக்காய்.

தூசியடித்த லாரியையே மெச்சிய மனிதருக்குத் தன் குழம்பில் மெச்ச ஒன்றுமே அகப்படவில்லையென்றால்? இதைவிடப் பெரிய வசவு எந்த மொழியிலும் இல்லை. மறுநாளே செல்வி திருமானூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடுக்காய் மதியத்துக்குத் தேநீர்க்கடை பன்னைக் கொண்டுவரத் தொடங்கினார். ஏ-ஒன்னார் அதிலும் ஒரு துண்டு கிள்ளித் தின்று, "பன்னு ஏ ஒன்! வூட்டுல சொல்லிடுங்க" என்றார். கடுக்காயின் கண் கலங்கிவிட்டது. "வூட்டுல யாரு இருக்கா சொல்றதுக்கு? கூப்பிட்டா போனையே எடுக்க மாட்டேங்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான்யா வருவா" என்றார்.

ஞாயிறன்று மூவரும் திருமானூருக்குப் பேருந்தேறினோம். துணைக்கு நான்.

செல்வி எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்; கணவருக்குக் கொடுக்கவில்லை. "தூசியடிச்சிட்டுப் போற லாரியவே ஏ ஒன்னுங்கிறீங்களாமே அண்ணே, எங் கொழம்பு அத விட மட்டமா?"

ஏ-ஒன்னார் திகைத்துப்போனார். "தெனம் சொல்லி அனுப்புனேனே தங்கச்சி!"

செல்வியின் பார்வை மெல்லக் கணவர்பக்கம் திரும்பியது. இனி ஏ-ஒன்னார் குழம்பின் புகழ் பாடுவார், புறப்பட்டுவிடலாம் என்று நான் எண்ணினேன். அவரோ வாழ்வில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டார். பிறகு, "நான் சொன்னது போதும். நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

கடுக்காய்க்கு வியர்த்துவிட்டது. "கொழம்பு... கொற சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல."

"இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும் செல்வி. தெனமும். வெரலால வழிச்சு நக்கிட்டுத்தான் டப்பாவ மூடுவேன்."

"அதான் கழுவாமயே கொண்டாந்தீங்களா?" அதட்டலாகத் தொடங்கிய கேள்வி சிரிப்பில் முடிந்தது. கணவருக்கும் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது.

"ஏ ஒன் சார்!" என்று கை தட்டினார் ஏ-ஒன்னார். குழம்புக்கன்று, கடுக்காய்க்கு.

ஏ-ஒன்னார் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் அவரைப் பாராட்டிப் பேச எழுந்த அனைவரும் இருமிவிட்டு உட்கார்ந்தோம். எங்களுக்கு ஏது பழக்கம்? இப்போது பேருந்து நிறுத்தத்தில் நான் தனியாகத்தான் நிற்கிறேன். லாரிகள் வெள்ளையடித்துவிட்டுப் போகின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டு, தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சைத் தேடுகிறேன்.